பழைய கணிப்பொறிக்குப் புத்துயிர்



தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்த நம் முன்னோருள் பலர், தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு வந்தவர்கள். மாதுங்காவில் ஓர் அறை பிடித்து நால்வராய்த் தங்கி, கோட்டைப் பகுதி அலுவலகங்களில் வேலைக்கு அமர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது தட்டச்சுப்பொறி. 1955-ஆம் ஆண்டில் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே செய்த தட்டச்சுப்பொறியை வெளியிட்டபோது, அதுவே பல அலுவலகங்களின் மேசையை அணி செய்தது. அந்நிறுவனத்தின் ஆலைகளால் பெயர் பெற்ற விக்ரோலியில்தான் நான் வளர்ந்தேன்.

அந்தத் தட்டச்சுப்பொறியை எத்தனை ஆண்டு வைத்துக்கொண்டார்கள் தெரியுமா? இருபது ஆண்டு, முப்பது ஆண்டு! நாடா மங்கினால் நாடாவை மாற்றினார்கள். எழுத்துத் தண்டு ஒட்டிக்கொண்டால் துடைத்து எண்ணெய் விட்டார்கள். நாடா மங்கியதற்காகப் பொறியையே தூக்கி எறிந்தவர் எவரும் இல்லை.

இன்று அதே மேசையில் கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. ஏழெட்டு ஆண்டு ஆனதும் அது மெதுவாகிறது. உடனே, "பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டியதுதான்" என்கிறோம். பழசானது எது? முழுப் பொறியா, அல்லது அதன் உறுப்புகளில் ஒன்றா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் ஒருமுறை ஆயிரத்து எண்ணூறு ரூபாயை வீணாக்கினேன். அந்த அனுபவத்தையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் நேர்ந்தது

என் தந்தையார் 2013-இல் எனக்காக ஒரு மேசைக் கணிப்பொறி வாங்கினார். அப்போது நான் பள்ளிச் சிறுவன். மூன்றாம் தலைமுறை ஐ-3 செயலி, 4 ஜி.பி. நினைவகம், 500 ஜி.பி. வன்தட்டு. (கடைத்தெருவில் நினைவகத்தை 'ராம்' என்றும் வன்தட்டை 'ஹார்டு டிஸ்க்' என்றும் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.) 2024-இல் அந்தப் பொறி கண் திறக்க இரண்டரை நிமிடம் ஆயிற்று. என் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு. அவளுடைய பாடங்களும், என் முதுகலை இயற்பியல் வேலையும் அந்த ஒரே பொறியைத்தான் நம்பியிருந்தன. யார் எப்போது உட்காருவது என்று நாள்தோறும் வழக்கு! ஒரு கடைக்காரர் பார்த்துவிட்டு, "இது தேறாது, முப்பதாயிரம் இருந்தால் புதிது தருகிறேன்" என்றார். தந்தையார் சங்கத்தில் கடனுக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினார்.

கடன் வேண்டாம் என்று தடுத்தேன். "செயலிதான் கணிப்பொறியின் மூளை. மூளையை மாற்றினால் எல்லாம் சரியாகும்" என்று ஒரு நண்பன் சொன்னதைக் கேட்டு, விக்ரோலியில் வண்டி ஏறித் தாதரில் மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லேமிங்டன் சாலைக்குப் போனேன். இரு கருக்கள் கொண்ட ஐ-3-க்குப் பதிலாக நான்கு கருக்கள் கொண்ட ஐ-5 செயலியைப் பழைய விலைக்கு, ரூ. 1,800 கொடுத்து வாங்கி வந்து பொருத்தினேன். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொறியை முடுக்கினேன். இரண்டரை நிமிடம் இரண்டேகால் நிமிடமாயிற்று. அவ்வளவுதான்!

தொழிற்சாலையில் இருபத்தைந்து ஆண்டு பொறிகளோடு பழகிய என் தந்தையார் சொன்னார்: "எங்கே இழுக்குதுன்னு பார்க்காம எஞ்சினை மாத்திட்டியேடா! பிரேக்கு ஒட்டிக்கிட்டிருந்தா எஞ்சின் என்ன செய்யும்?"

தோல்வி கற்பித்த கணக்கு

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பொறி கண் திறக்கும் 150 வினாடியில் ஒரு பகுதி செயலி கணக்கிடும் நேரம். மறு பகுதி, வன்தட்டிலிருந்து செய்தி வரட்டும் என்று செயலி காத்திருக்கும் நேரம். புதிய செயலி பழையதைப் போல இருமடங்கு வேகம் எனக் கொள்வோம். குறைந்தது 15 வினாடி. அப்படியானால் செயலியின் பங்கு 30 வினாடிதான். மற்ற 120 வினாடியும் காத்திருப்பே! செயலி எவ்வளவு வேகமானாலும் அந்த 120 வினாடியில் ஒரு நொடிகூடக் குறையாது.

இந்த உண்மையை 1967-ஆம் ஆண்டிலேயே ஜீன் அம்தால் என்னும் கணிப்பொறி அறிஞர் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் விரைவுபடுத்தினால் கிடைக்கும் பயன், அந்தப் பகுதி மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு என்பதைப் பொறுத்தே அமையும். இதை அம்தால் விதி என்பர். சமையலறையில் சோறு வேக அரைமணி நேரம், காய் நறுக்க ஐந்து நிமிடம் என்றால், கத்தியைத் தீட்டி என்ன பயன்? அடுப்பையல்லவா கவனிக்க வேண்டும்!

வன்தட்டு ஏன் காக்க வைக்கிறது? அதனுள்ளே ஒரு காந்தத் தட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. வேண்டிய இடம் படிப்பூசியின் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அது 4 மில்லிவினாடிக்குச் சற்று மேல். ஊசி தாங்கிய கை சரியான வட்டத்திற்கு நகர மேலும் ஏறத்தாழ 9 மில்லிவினாடி. ஆக, சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் 13 மில்லிவினாடி. வினாடிக்கு எழுபது, எண்பது துண்டுகளுக்கு மேல் எடுக்க முடியாது. கணிப்பொறி கண் திறக்கும்போது இத்தகைய சிறு துண்டுகள் ஆயிரக்கணக்கில் தேவைப்படுகின்றன.

'எஸ்.எஸ்.டி.' எனப்படும் திண்மத் தேக்ககத்தில் சுழலும் உறுப்பே இல்லை. மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி வைக்கும் சில்லுகளே உண்டு. எந்தத் துண்டானாலும் மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே கைக்கு வரும். என் தாய்ப்பலகை பழைய எச்-61 வகை. வினாடிக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் கடத்த அதனால் இயலாது. புதிய எஸ்.எஸ்.டி.யின் முழு வேகத்தை அது தாங்காது என்று சிலர் அஞ்சுவர். அஞ்ச வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது பெருவெள்ளம் அன்று. காத்திருப்புக் குறைய வேண்டும். அது எந்தப் பலகையிலும் குறையும்.

மறுவாரம் ரூ. 1,600-க்கு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினேன். பொறி 26 வினாடியில் கண் திறந்தது! ரூ. 1,800 வாங்கித் தந்தது 15 வினாடி. ரூ. 1,600 வாங்கித் தந்தது 109 வினாடி. சங்கக் கடன் விண்ணப்பம் நிரப்பப்படாமலே கிடந்தது.

முதலில் அளந்து பாருங்கள்

ஆகவே நண்பர்களே, பணப்பையைத் திறக்குமுன் அளந்து பாருங்கள். விண்டோஸ் பொறியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும. செயலி, நினைவகம், தட்டு ஆகியவை நூற்றுக்கு எத்தனை பங்கு உழைக்கின்றன என்பதை அது காட்டும். வழக்கமாக நீங்கள் செய்யும் வேலையைச் செய்துகொண்டே பத்து நிமிடம் அதைக் கவனியுங்கள்.

தட்டு நூற்றுக்கு நூறு என்று நிற்க, செயலி இருபதில் ஓய்ந்திருந்தால், எஸ்.எஸ்.டி. வேண்டும். நினைவகம் தொண்ணூறைத் தாண்டியிருந்தால், நினைவகம் வேண்டும். நினைவகம் நிரம்பியதும் பொறி மிச்சத்தைத் தட்டில் எழுதி எழுதி எடுக்கும். அதனால் நினைவகக் குறையே தட்டின் குறைபோலவும் தோன்றும். எனவே இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். செயலியே நூறில் நின்றால், அது மெய்யான உழைப்பா, சூட்டின் விளைவா என்று அடுத்து ஆராய வேண்டும்.

தேய்வனவும் தேயாதனவும்

பழைய பொருள் வாங்குவதில் ஒரு நெறி உண்டு. கணிப்பொறியில் சில உறுப்புகள் தேய்வன. சில ஏறத்தாழத் தேயாதன. சுழல்வன தேயும்: விசிறி, வன்தட்டு. வேதிமாற்றத்தால் கெடுவன உண்டு: மின்கலம், மின்தேக்கி, செயலியின் மேல் தடவிய வெப்பக் களிம்பு. எஸ்.எஸ்.டி.யின் சில்லுகளில் ஒவ்வொரு முறை எழுதும்போதும் சிறிது தேய்வு உண்டு. செயலியும் நினைவக அட்டையும் தவறாக நடத்தப்படாவிட்டால் பல்லாண்டு நிலைக்கும். ஆதலின் செயலியையும் நினைவகத்தையும் பழையதாக வாங்கலாம். எஸ்.எஸ்.டி.யையும் மின்வழங்கிப் பெட்டியையும் புதிதாகவே வாங்க வேண்டும்.

செலவில்லாத வைத்தியம்

முதலில் காசில்லாத வேலை. மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, முடுக்கு பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றுங்கள். உள்ளே கையை விடுமுன் பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொடுங்கள். உடலில் சேர்ந்த நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்காமல் இருக்க இது உதவும். மும்பையின் ஈரக் காற்றில் தூசி மாவுபோலப் படிந்து இறுகியிருக்கும். மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள்.

செயலி சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பத்து ஆண்டில் காய்ந்து பொடியாகிவிட்ட களிம்பைத் துடைத்து, புதிதாக ஒரு பயற்றளவு வைத்து, வெப்ப உறிஞ்சியை மீண்டும் பொருத்தினாலே சில பொறிகள் பாதி குணமாகும். களிம்பின் விலை எனக்கு ரூ. 150 ஆயிற்று. பொறியை முடுக்கும் ஒவ்வொரு முறையும் நாளும் மணியும் தவறாகக் காட்டினால், தாய்ப்பலகையிலுள்ள சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட்டு காசு மின்கலம் தீர்ந்துவிட்டது எனப் பொருள். அதன் விலை ஒரு தேநீர்க் கடைச் செலவுதான்.

ஓர் எச்சரிக்கை: மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பின்னும் அதனுள்ளிருக்கும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும்.

பொருத்தும் முறை

எஸ்.எஸ்.டி. மாற்றுமுன், உங்கள் பாடக் குறிப்புகளையும் ஆய்வேட்டையும் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். பழைய வன்தட்டு 'டக், டக்' என்று ஒலித்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். எஸ்.எஸ்.டி.யில் இயக்கமுறைமையை நிறுவிய பின், நலமாக உள்ள பழைய வன்தட்டைக் கோப்புகள் சேமிக்கும் கிடங்காக வைத்துக்கொள்ளலாம்.

நினைவகம் வாங்கும்போது வகை தவறினால் பணம் போயிற்று. மேசைக் கணிப்பொறிக்கான டி.டி.ஆர்.3 அட்டையில் 240 முனைகள், டி.டி.ஆர்.4 அட்டையில் 288. நடுவில் உள்ள வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் குழியில் மற்றொன்று பொருந்தாது. மடிக்கணினிக்கான அட்டை இன்னும் குட்டையானது. ஐயமிருந்தால் பழைய அட்டையையே கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். நான் பழைய 4 ஜி.பி. அட்டை ஒன்றை ரூ. 450-க்கு வாங்கி, மொத்தம் 8 ஜி.பி. ஆக்கினேன். வாங்கியவுடன் 'மெம்டெஸ்ட்86+' என்னும் இலவசச் சோதனையை ஓர் இரவு முழுதும் ஓடவிட்டேன். 2025-இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. ஆகையால் வாங்கும் நாளில் இரண்டு மூன்று கடை கேட்டு வாங்குவது நலம்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 32 பிட்டு இயக்கமுறைமை பொதுவாக 2-இன் அடுக்கு 32 இடங்களைத்தான் எண்ண வல்லது. அது 4 ஜி.பி. அதில் 8 ஜி.பி. பொருத்தினால் கூடுதல் அட்டை வீணே உறங்கும். 64 பிட்டு முறைமையை நிறுவ வேண்டும்.

இயக்கமுறைமை என்னும் சிக்கல்

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், இன்டெல் செயலியானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாததும் வேண்டும். எட்டாம் தலைமுறை வந்தது 2017-இல். அதற்கு முற்பட்ட நல்ல பொறிகள் எத்தனையோ, கெடாமலேயே 'காலாவதி' என்று முத்திரை குத்தப்பட்டன. இங்கே பழசானது இரும்பு அன்று; விதி!

இதற்கு லினக்ஸ் ஒரு வழி. லினக்ஸ் மின்ட் என்னும் இலவச முறைமையின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு 4 ஜி.பி. நினைவகத்தில் நன்றாக ஓடும். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவான 'பாஸ்' என்னும் லினக்ஸும் உண்டு. 1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகை லினக்ஸிலும் கிடைக்கிறது. லிப்ரெ ஆபீஸில் கட்டளைகளைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் தட்டினேன். ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. உங்கள் துறைக்குரிய மென்பொருள் சில விண்டோஸில் மட்டுமே ஓடலாம். பழையதை அழிக்குமுன், லினக்ஸை ஒரு விரற்சேமிப்பானிலிருந்தே முடுக்கிப் பார்த்து, உங்கள் வேலைக்கு ஒத்துவருமா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

எங்கே நிறுத்துவது?

பழையதைக் காப்பது நன்று. பழையதற்கே அடிமையாவது நன்றன்று. தாய்ப்பலகையில் மின்தேக்கிகள் தலை புடைத்திருந்தால், முதுகைத் தட்டினால்தான் பொறி ஓடும் என்ற நிலை வந்தால், அதற்கு மேல் செலவிடாதீர்கள். நான் கைக்கொள்ளும் அளவு இது: செய்ய வேண்டிய செலவு, நல்ல நிலையிலுள்ள ஒரு பழைய பொறியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திவிடுவேன்.

பம்பாயின் கணிப்பொறி வரலாறே இந்த இரு பக்கங்களையும் காட்டுகிறது. 1960-களில் ஐ.பி.எம். நிறுவனம் வெளிநாடுகளில் ஓடித் தீர்ந்த 1401 வகைக் கணிப்பொறிகளைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து, சீர்செய்து, இந்திய நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டது. பழைய பொறிக்கு இவ்வளவு வாடகையா என்று குறை எழுந்தது. அது ஒரு பக்கம். பின்னர், வெளிநாட்டு நிறுவனங்கள் தம் பங்குகளைக் குறைக்க வேண்டும் என்ற சட்டத்தை ஏற்காமல் 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுச் சென்ற பொறிகளைப் பேணும் பொறுப்பை, 1975-இல் அரசு தொடங்கிய கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம் ஏற்றுக்கொண்டது. செய்தவர் போய்விட்டார், பொறிகள் நின்றுவிடவில்லை. நம் நாட்டுப் பொறியாளர் அவற்றைத் திறந்து, உள்ளதை உணர்ந்து, ஓடவைத்தனர். இது மறு பக்கம். பழைய பொறியைப் புது விலைக்கு வாங்குபவன் ஏமாறுகிறான். அதன் உள்ளமைப்பை அறிந்தவன் ஏமாறுவதில்லை.

நாம் செய்யத்தக்கது

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் எங்கே போகிறது? கம்பியை எரித்துச் செம்பு எடுக்கும் ஏழையின் மூச்சுக்குள் போகிறது. தாராவியின் சந்துகளில் பழம்பொருள் பிரித்துப் பிழைப்போரில் நம் ஊர்க்காரர்களும் உண்டு என்பதை நாம் மறக்கலாமா? முற்றிலும் கெட்ட உறுப்பைத் தெருவோர வண்டியில் போடாமல், அரசின் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பது நம் கடமை.

நம் விடுதி அறைகளிலும் உறவினர் வீடுகளிலும் துணி மூடிக் கிடக்கும் கணிப்பொறிகள் எத்தனை! ஒரு திருப்புளி, ஒரு தூரிகை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் மன்றத்து மாணவர் நால்வர் சேர்ந்தால் ஒரே நாளில் மூன்று பொறிகளுக்குப் புத்துயிர் ஊட்டலாம். தேறிய பொறியை, கைப்பேசியின் சின்னத் திரையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படிக்கும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்கலாம்.

என் தங்கை இப்போது கல்லூரி மாணவி. அதே பொறியில்தான் படிக்கிறாள். சென்ற மாதம் அவளுடைய தோழியின் கணிப்பொறி மெதுவாகிவிட்டதாம். என்னிடம் வந்து, "அண்ணா, எந்தச் செயலி வாங்கலாம் என்று அவள் கேட்கிறாள்" என்றாள். நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்: "முதலில் அளந்து பார்க்கச் சொல்லிவிட்டேன்."